எந்த வருஷத்துப் பானை

அந்தச் சனிக்கிழமை ஜெப வீட்டில் இருந்தவர்கள் ஏழு பேர். நேசம் அக்கா. வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் அருமைநாயகம். அவர் மனைவி தங்கக்கனி. காது சற்று மந்தமான சீமோன் வாத்தியார். பிரசவம் பார்க்கும் பாக்கியத்தாய். மத்தியானத்துக்குமேல் வந்து சேர்ந்த கன்வென்ஷன் கமிட்டிச் செயலர் செல்லையா. ஏழாவது ஆள் நான். கோயில்பிள்ளை. அதாவது, கோயிலில் மணி அடித்து, பாய் விரித்து, விளக்குத் துடைக்கிறவன்.

ஜெப வீடு என்பது பெரிய பேர். ஓடைக்கரையில் உடைமரங்களுக்கு நடுவே இரண்டு அறை, பின்னால் ஓர் அடுப்படி. அவ்வளவுதான். இப்போது அங்கே தண்ணீர்த் தொட்டி நிற்கிறது. அந்த வழியாகப் போகும்போது இன்றைக்கும் எனக்குப் பயற்றங்கஞ்சி வாசம் வருகிறது. தொட்டிக்கு அப்படி ஒரு வாசம் கிடையாது என்று எனக்குத் தெரியும்.

நேசம் அக்கா எங்கள் ஊர்க்காரர் அல்ல. வேதம் படித்துக் கொடுப்பதற்காக மிஷன் அவரை அனுப்பியது. சில வருஷம் கழித்து மிஷனே அவரைத் திரும்பி வரச் சொன்னது. இன்னும் கொஞ்சம் வேலை இருக்கிறது என்று பதில் எழுதிவிட்டு இங்கேயே தங்கிவிட்டார். அப்போது அவருக்கு வயது நாற்பத்து மூன்று. அவரைவிட மூத்தவர்களும் அக்கா என்றே கூப்பிட்டார்கள். அவர் மூத்தவர்களை அண்ணாச்சி, மதினி என்று கூப்பிட்டார்.

கேள்வி கேட்டால் அவரிடமிருந்து எளிதில் பதில் வராது. விசுவாசம் என்றால் என்ன என்று சீமோன் வாத்தியார் ஒரு தரம் கேட்டார். முற்றத்தில் கூழ் வற்றல் காய்ந்துகொண்டிருந்தது. அக்கா அவர் கையில் ஒரு கம்பைக் கொடுத்து, காக்கை வராமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். வாத்தியார் சாயங்காலம்வரை அங்கேயே இருந்தார். பதில் கிடைத்ததா என்று கேட்டேன். வற்றல் தப்பியது என்றார்.

சனிக்கிழமை உபவாச ஜெபம். விடியற்காலம் தொடங்கி மூன்று மணிக்கு முடியும். பிறகு கஞ்சியும் காணம் என்கிற கொள்ளுத் துவையலும். கஞ்சியைத் தொடுவதற்கு முன்னால் அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொருவரும் அந்த வாரத்தில் தாம் செய்த ஒரு தப்பைச் சொல்ல வேண்டும். ‘இந்த வாரத்துக் காரியம்’ என்று அதற்குப் பேர். பழையது செல்லாது. போன மாதத்துக் காரியம் என்றால் அக்கா தலையை அசைத்துவிடுவார். அந்தத் தப்பால் பாதிக்கப்பட்டவர் அந்த அறையில் இருந்தால், அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

பெரிய தப்புகள் அபூர்வம். பாக்கியத்தாய் தன் மருமகள் ஊற்றிய காப்பியை வேண்டுமென்றே ஆறவிட்டுக் குறை சொன்னதாகச் சொல்வாள். சீமோன் வாத்தியார் காது கேட்டபோதும் கேட்காத மாதிரி இருந்ததைச் சொல்வார். எந்தக் காது என்று பாக்கியத்தாய் கேட்பாள். சிரிப்போம். பிறகு கஞ்சி இறங்கும்.

அருமைநாயகம் முறை வரும்போது மட்டும், “ஒண்ணுமில்லை, கர்த்தருக்கு ஸ்தோத்திரம்” என்பார். அக்கா அவருக்கும் ஊற்றுவார்.

அருமைநாயகம் சுற்றுவட்டாரத்தில் சாட்சிக்குப் பேர்போனவர். குணப்படுவதற்கு முன்னால் தாம் இருந்த இருப்பையும், ஆண்டவர் தம்மைத் திருப்பிய நாளையும் அவர் மேடையில் சொல்லக் கேட்டால் கல்லும் கரையும் என்பார்கள். பஸ்ஸில் முப்பது வருஷம் ஊர்ப் பேர் கூவிய குரல். ஒலிபெருக்கி தேவையில்லை. “நரகத்துக்கு டிக்கெட் எடுத்து முன்சீட்டில் உட்கார்ந்திருந்தேன், ஆண்டவர் விசில் ஊதி என்னை இறக்கினார்” என்பார். அந்த இடத்தில் ஜனங்கள் சிரிப்பார்கள். அடுத்த நிமிஷம் அழுவார்கள். சின்ன ஊர்களில் எல்லாம் சொல்லியாகிவிட்டது. புளியந்தோப்பில் மே மாதம் நடக்கும் பெரிய கன்வென்ஷன் மேடை மட்டும் அவருக்குக் கிடைக்கவில்லை. அதை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் ஒவ்வொரு மே மாதமும் ஜிப்பா வெளுத்து வைத்திருப்பார்.

அன்றைக்கு விடியற்காலத்து முதல் ஜெபம் அக்காவுடையது. எப்போதும்போலத் தம்மை மன்னிக்கும்படி ஆண்டவரைக் கேட்டார். எப்போதும்போல அழுதார். சத்தம் இருக்காது. சேலைத் தலைப்பு மட்டும் நனைந்திருக்கும்.

பத்து மணிக்கு, பயற்றில் கல் பார்த்துக்கொண்டிருந்தபோது, அருமைநாயகம் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“அக்கா, நான் குணப்பட்டுப் பதினாலு வருஷம் ஆச்சு. அன்னைக்கு ஒரு நாள் அழுதேன். அதோட முடிஞ்சுது. நீங்க வாராவாரம் அழுதிய. பாக்கிறவங்க, இந்த அம்மாவுக்கு இன்னும் நிச்சயம் வரலைன்னு நினைக்க மாட்டாவளா? திரும்பினவன் எத்தனை தரம் திரும்பணும்?”

அக்கா சுளகைத் தட்டினார்.

“கஞ்சிக்கு முன்னால பாப்போம், அண்ணாச்சி.”

ஒரு மணி இருக்கும். செல்லையா சைக்கிளில் வந்து இறங்கினார். கழுத்துப் பட்டன்வரை போட்டிருந்தார். இந்த வருஷம் கன்வென்ஷனின் கடைசி நாள் சாட்சிக்கு மதுரையிலிருந்து வரவேண்டியவரால் வர முடியவில்லையாம். அருமைநாயகத்தைப் போடலாமா என்று கமிட்டியில் பேச்சு வந்ததாம். ஜெபக்குழுவை நடத்துகிறவர் ஒரு வார்த்தை சரி என்று சொன்னால் போதுமாம்.

அருமைநாயகம் பாயை விட்டு எழுந்திருக்கவில்லை. ஆனால் அவர் கை சட்டைக் காலரைச் சரிசெய்தது. எல்லோரும் அக்காவைப் பார்த்தோம்.

இங்கே ஒரு தரம் சொல்லட்டும், கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றார் அக்கா.

அருமைநாயகம் எழுந்து நின்றார். ஏழு பேருக்கு அந்தக் குரல் அதிகம். சுவரில் இருந்த பல்லி நகர்ந்தது. பஸ் வந்தது, சாராயம் வந்தது, டிக்கெட் வந்தது, நாங்கள் சிரித்தோம். செல்லையா தொடையில் தட்டினார். பிறகு குரல் இறங்கியது. ஒரு நாள் பொழுது சாயும் நேரம் வீட்டுக்கு வந்தாராம். கஞ்சியில் உப்பில்லையாம். அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த பானையை அப்படியே தூக்கி…

தங்கக்கனி எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

அக்கா கையைத் தூக்கினார். அருமைநாயகம் நிறுத்தினார்.

“மதினி வரட்டும்.”

காத்திருந்தோம். கஞ்சி அப்போதே வெந்து இறக்கியாகிவிட்டது என்று பாக்கியத்தாய் சொன்னாள். அப்படியானால் மதினி அங்கே எதைப் பார்க்கிறார் என்று அக்கா கேட்டார். கொஞ்ச நேரத்தில் கனி வந்து உட்கார்ந்தாள்.

அருமைநாயகம் விட்ட இடத்தில் பிடித்தார். பொழுது சாய்ந்தது. உப்பில்லை. கொதிக்கிற பானை. கனி மறுபடி எழுந்தாள்.

அக்கா மறுபடி கையைத் தூக்கினார்.

செல்லையா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அருமைநாயகம் முகம் சிவந்தது. அவள் மேடைகளிலும் இப்படித்தான், அந்த இடம் வந்தால் தண்ணீர் குடிக்கப் போய்விடுவாள், பழைய வேதனை தாங்காது, அதைப் பெரிதுபண்ணக் கூடாது என்று சொன்னார்.

அக்கா அவரை உட்காரச் சொன்னார். நீங்கள் சொல்லிக் கேட்டாகிவிட்டது, இனி மதினி சொல்லட்டும் என்றார்.

அருமைநாயகம் சிரித்தார். “அவளுக்கு மேடைப் பேச்சு வராது, அக்கா.”

“இது மேடை இல்லையே.”

கனி கதவு நிலையில் கை வைத்து நின்றாள். போகலாமா, இருக்கலாமா என்று யோசிக்கிறவள் மாதிரி இருந்தாள். பிறகு வந்து, அவர் நின்ற இடத்திலேயே நின்றாள். சொன்னாள்.

நான் அதை மறக்கவில்லை. ஒரு வார்த்தை தப்பவில்லை. அவர் மூச்சு விடும் இடத்தில் மூச்சு விட்டாள். அவர் கையை நீட்டும் இடத்தில் நீட்டினாள். டிக்கெட் வரும் இடத்தில், ஜனங்கள் சிரித்து ஓய்வதற்காக அவர் விடும் இடைவெளியையும் விட்டாள். சீமோன் வாத்தியாருக்கே எல்லாம் கேட்டது. அருமைநாயகம்கூடச் சிரித்துவிட்டார்.

பானை வந்தது. கனி நின்றாள்.

“இந்த இடத்தில அவிய தோள்துண்டை எடுத்துக் கண்ணைத் துடைப்பாவ.”

“எடுக்கட்டும். பானையில என்ன இருந்துது, மதினி?” என்று அக்கா கேட்டார்.

கனி அக்காவைப் பார்த்தாள்.

“எந்த வருஷத்துப் பானையைக் கேக்கிய, அக்கா?”

வாத்தியார் கையைக் காதில் குவித்தார்.

கனி தணிந்த குரலில் சொன்னாள். அவர் எறிந்தது உண்மை. பானை உடைந்தது உண்மை. அது வெறும் பானை. அடுப்பிலும் இல்லை, கழுவிக் கவிழ்த்திருந்தது. சுவரில் பட்டு உடைந்தது. முதல் இரண்டு வருஷம் சாட்சியிலும் அது வெறும் பானையாகத்தான் இருந்தது. அப்புறம் ஓர் ஊரில் அதில் பழங்கஞ்சி வந்தது. அப்புறம் சூடு வந்தது. தாவீதுவிளையில் சொன்னபோது கொதித்தது. அந்த ஊரில் எல்லோரும் அழுதார்கள். அதற்கப்புறம் அது ஆறவே இல்லை.

ஆத்துமாக்கள் தொடப்பட வேண்டும் என்றுதான் அப்படிச் சொன்னேன், எனக்கென்று எதுவும் இல்லை என்று அருமைநாயகம் சொன்னார். அவர் குரல் அந்த அறைக்குப் போதுமான அளவுக்கு வந்துவிட்டிருந்தது.

கனி இன்னும் முடிக்கவில்லை.

“தோளில தழும்பு இன்னும் இருக்குன்னு சொல்லுவாவ. கூட்டம் முடிஞ்சா பொம்பளைங்க என்னைச் சுத்திக்கிடுவாவ. ரவிக்கையை விலக்கிக் காட்டச் சொல்லுவாவ. நான் எதைக் காட்டுவேன்? கர்த்தர் ஆத்திட்டார், தழும்புகூட இல்லைன்னு சொல்லிட்டேன். அதை ஒரு அம்மா அற்புதம்னு சாட்சி சொல்லிட்டா. தீப்பட்ட பிள்ளையைத் தூக்கிட்டு ஒருத்தி வீட்டுக்கே வந்தா. எண்ணெயில ஜெபிச்சுக் குடுன்னு என் கையைப் பிடிச்சா.”

சேலையைத் தோளோடு இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

“அதுக்கப்புறம் நான் திருவிருந்துக்குப் போகலை.”

அருமைநாயகம் நிமிர்ந்தார். “போகலையா? எப்ப இருந்து?”

“ரெண்டு வருஷமா.”

அவர் என்னைப் பார்த்தார். திருவிருந்துக்கு அப்பம் எண்ணி வைப்பவன் நான். ஆண்கள் பக்கம் இத்தனை, பெண்கள் பக்கம் இத்தனை. இரண்டு வருஷமாகப் பெண்கள் பக்கத்தில் ஒன்று குறைத்துத்தான் வைத்தேன். நான் தலையை அசைத்தேன்.

“நான் பாக்கலையே.”

“நீங்க முன் வரிசையில இருக்கிய” என்றாள் கனி. அதில் குத்தல் இல்லை. அவர் இருக்கும் இடத்தைச் சொன்னாள்.

செல்லையா கனைத்தார். அவர் கெட்டவர் அல்ல. ஒரு வழி சொல்லிப் பார்த்தார். பானையை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தைச் சொல்லலாமே, அந்த டிக்கெட் விஷயமே போதுமே என்றார். அக்கா மணி என்ன என்று என்னிடம் கேட்டார். இரண்டரை என்றேன். இன்றைக்குக் கொஞ்சம் முன்னாலேயே கஞ்சி குடிப்போம் என்று எழுந்தார்.

வட்டமாக உட்கார்ந்தோம். வழக்கம் தொடங்கியது. பாக்கியத்தாய் எதையோ முணுமுணுத்தாள், அன்றைக்கு யாரும் அவளைக் கேலி செய்யவில்லை. வாத்தியார் சொன்னார். நானும் சொன்னேன். விருந்தாளிக்கு விலக்கு உண்டா என்று செல்லையா கேட்டார். இல்லை என்றார் அக்கா. செல்லையா நெற்றியைத் துடைத்தார். இதே கடைசி நாள் சாட்சிக்கு எங்கள் கமிட்டித் தலைவர் டாக்டர் ஐயாவின் மருமகனுக்கும் வாக்குக் கொடுத்திருக்கிறேன், அருமைநாயகம் அண்ணாச்சிக்கு அது தெரியாது, மன்னிக்க வேண்டும் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னார். மற்ற நாளாக இருந்தால் நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்திருப்போம்.

அருமைநாயகம் முறை வந்தது.

அவர் வழக்கமாகச் சொல்லும் ஸ்தோத்திரத்தைச் சொல்லவில்லை. கனி பக்கம் திரும்பினார். “அன்பானவளே” என்று தொடங்கினார். அது மேடைக் குரல். அவருக்கே அது கேட்டுவிட்டது. நிறுத்தினார். பிறகு, டிக்கெட் பையில் சில்லறை தேடுகிறவர் மாதிரி ஒவ்வொரு வார்த்தையாக எடுத்தார்.

“செவ்வாய்க்கிழமை நீ தலைவலிக்குதுன்னு சொன்ன. எனக்குக் கேட்டுது. கேக்காத மாதிரி வேதத்தைப் புரட்டிக்கிட்டு இருந்தேன்.”

“கேட்டுதுன்னு தெரியும்” என்றாள் கனி.

அக்கா கஞ்சியை ஊற்றவில்லை. அகப்பை சட்டியிலேயே இருந்தது.

“பானை, அண்ணாச்சி?”

“அது பழைய காரியம் அக்கா. பதினாலு வருஷத்துக்கு முந்தினது. இங்க செல்லாதே.”

“போன ஞாயித்துக்கிழமை எந்த ஊர்ல சாட்சி சொன்னிய?”

“இராகேல்புரத்தில.”

“கொதிச்சுதா?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“அப்ப இந்த வாரத்துதான்” என்றார் அக்கா.

அருமைநாயகம் தம் முன்னால் இருந்த வெறும் கஞ்சிக் கும்பாவைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, தாம் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். இராகேல்புரத்துக்குப் பஸ் எத்தனை மணிக்கு என்று அக்கா திருப்பிக் கேட்டார். மூன்றேகால் என்றார் அருமைநாயகம். அதைச் சொல்ல அவர் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

அக்கா இரண்டு பேருக்கான கஞ்சியைத் தூக்குவாளியில் ஊற்றி, கனி கையில் கொடுத்தார்.

இராகேல்புரத்தில் நடந்ததை அடுத்த சனிக்கிழமை கனி சொன்னாள். இரவு அங்கே தங்கி, மறுநாள் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் இவர் எழுந்து நின்று, பானை வெறும் பானை, தழும்பு கிடையாது என்று சொன்னாராம். சில பேர் சிரித்தார்களாம். ஒரு கிழவிக்கு மட்டும் கோபம். அப்படியானால் போன வாரம் நான் அழுத அழுகை என்ன ஆவது என்று சண்டைக்கு வந்தாளாம். கனி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, தோளைக் காட்டினாளாம். கிழவி விரலால் தடவிப் பார்த்தாளாம். நல்லவேளை என்றாளாம்.

அந்த மாதத் திருவிருந்துக்குப் பெண்கள் பக்கத்தில் ஒரு அப்பம் கூட்டி வைத்தேன். கனி வந்தாள். அன்றைக்கு அருமைநாயகம் முன் வரிசையில் இல்லை. தூண் ஓரமாக, பெண்கள் பக்கம் தெரிகிற இடத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் முழங்கால்போட வரவில்லை. அவருக்கு வைத்த அப்பம் தட்டில் தங்கிவிட்டது. அதற்கடுத்த மாதம் இரண்டு பேரும் வந்தார்கள்.

கன்வென்ஷனில் டாக்டர் ஐயாவின் மருமகன் சாட்சி சொன்னார். நன்றாக இருந்தது. அருமைநாயகம் புளியமரத்து வேரில் உட்கார்ந்து கேட்டார். ஜிப்பா வெளுத்திருந்தது. பழக்கம்.

இராகேல்புரம் முடிந்த வாரமே அவர் அக்காவிடம், முடித்துவிட்டேன் என்றார். வேறு எங்கெல்லாம் சொன்னீர்கள் என்று அக்கா கேட்டார். அருமைநாயகம் கண்ணை மூடி, பஸ் தடத்தின் வரிசையிலேயே ஊர்களைச் சொன்னார். நான் விரல் மடக்கினேன். இருபத்தாறு.

அதற்குப் பிறகு அவர் போய்க்கொண்டே இருந்தார். எல்லா ஞாயிறும் அல்ல. சில ஊரில் சபை நடத்தும் ஐயர் மாறியிருந்தார், பேச விடவில்லை. சில ஊரில் இவரை யாருக்கும் ஞாபகமே இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது என்று என்னிடம் ஒரு நாள் சொன்னார். தாவீதுவிளைக்கு இரண்டு தரம் போனார். முதல் தரம் வாசல்வரை போய்விட்டுத் திரும்பிவிட்டார்.

ஒரு சனிக்கிழமை அவர் வந்து உட்கார்ந்த விதம் சரியாக இல்லை. தம் முறைக்குக் காத்திருக்கவில்லை.

“அக்கா, வெறும் பானையும் ஓடுது.”

என்ன என்று அக்கா கேட்டார்.

இப்போதெல்லாம் பானை வெறும் பானை என்று சொன்னால் ஜனங்கள் அழுகிறார்கள் என்றார். என்ன தாழ்மை, என்ன உண்மை என்று கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். போன ஞாயிறு, எங்கே நிறுத்தினால் அழுவார்கள் என்று தெரிந்து நிறுத்தினேன். துண்டையும் எடுத்தேன். கனி என்னைப் பார்த்தாள். அவள் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள் என்றார்.

சீமோன் வாத்தியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அருமைநாயகமும் சிரித்தார். கண்ணில் தண்ணீரோடு சிரித்தார். அக்கா அவருக்கு முதலில் கஞ்சி ஊற்றினார். அடுத்த ஊருக்கு அவர் துண்டு எடுத்துக்கொண்டு போகவில்லை. எழுந்து இரண்டே வாக்கியம் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாராம். யாரும் அழவில்லை என்று கனி சந்தோஷமாகச் சொன்னாள்.

அந்த நாட்களை நினைத்தால், சனிக்கிழமை மூன்று மணி வெயில்தான் முதலில் எனக்கு ஞாபகம் வருகிறது. உடைமர நிழல் கதவுவரை வந்திருக்கும். கும்பாக்கள் வட்டமாக இருக்கும். யார் முதலில் சொல்வது என்று ஒருவரை ஒருவர் பார்ப்போம். அருமைநாயகம்தான் முதலில் சொல்லத் தொடங்கினார். சொல்வதற்கு அவரிடம் எப்போதும் ஏதாவது இருந்தது. சின்னச் சின்னக் காரியங்கள். கனிக்கு வைத்திருந்த மீன்துண்டைத் தெரிந்தே தின்றது. பக்கத்து வீட்டுக்காரன் கடன்பட்டதைக் கேட்டு உள்ளே குளிர்ந்தது. அவர் குரல் மெல்ல மெல்லச் சிறுத்துக்கொண்டே வந்தது. கடைசியில் வாத்தியார் அவர் பக்கத்திலேயே வந்து உட்காரவேண்டியதாயிற்று.

இது தொடங்கி ஆறாவது வருஷம் ஐப்பசியில் அருமைநாயகம் படுத்தார். நெஞ்சில் நீர் என்றார்கள். மழை விட்ட ஒரு காலை, அக்காவும் நானும் பார்க்கப் போனோம். கனி அவர் தலைமாட்டில் இருந்து, தலையணையை உயர்த்தி வைத்தாள். ஜெபித்தோம். அவர் கண்ணைத் திறந்து அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏதோ சொல்ல வந்தார். இருமல் விடவில்லை. கனி தண்ணீர் கொடுத்தாள். பிறகு, இன்னும் போகாத நாலு ஊர்ப் பேரையும் சொன்னார். ஆலந்தேரி. முள்ளுக்காடு. கீழச்செவல்விளை. கடைசியாகச் சொன்னது கனி பிறந்த ஊர். மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் போயிருக்க வேண்டிய ஊர், அதைத் தள்ளித் தள்ளிப் போட்டுவிட்டேன் என்றார்.

கனி அவர் கையைத் தடவினாள். அங்கே எல்லோருக்கும் நானே சொல்லியாகிவிட்டது என்றாள். நீ சொன்னது வேறு, நான் சொல்ல வேண்டியது வேறு என்றார்.

“நாலு ஊர் மிச்சம் இருக்கு, அக்கா. எப்படிப் போவேன்?”

வெளியே கூரையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அவர் சேலைத் தலைப்பு நனைந்திருந்தது. மழையாகவும் இருக்கலாம்.

“வாராவாரம் அழுத எனக்கு எத்தனை மிச்சம்னு நீங்க ஒரு நாளும் கேக்கலையே, அண்ணாச்சி.”

அருமைநாயகம் அவரையே பார்த்தார். கேட்கப்போகிறவர் மாதிரி வாயைத் திறந்தார். கேட்கவில்லை.

வியாழக்கிழமை அவருக்காக நான் சாவு மணி அடித்தேன். நாலு ஊர் மிச்சம்.